ஆள் பிடிபடும்வரை காத்திருக்க வேண்டாம்

கேள்வி: கிள்ளியூர் வட்டத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. முந்திரி ஆலையில் வேலை பார்த்த என் அம்மா, மூன்று மாதத்துக்கு முன் வேலை முடிந்து நடந்து வரும்போது, பைக்கில் வந்த இருவர் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுத்தார்கள். ரோட்டில் விழுந்து தலையில் அடி. ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் ஆறாம் நாள் இறந்துவிட்டார். அப்பா முன்பே இறந்துவிட்டார். எனக்கு 23 வயது, மார்த்தாண்டத்தில் துணிக்கடை வேலை. தம்பி பிளஸ் ஒன் படிக்கிறான். திருடர்கள் இன்னும் பிடிபடவில்லை. “ஆள் சிக்கி, கேஸ் முடிந்தால்தான் ஏதாவது கிடைக்கும்” என்கிறார் சித்தப்பா. அரசு நிவாரணம் வாங்கித் தருகிறேன், ஐந்தில் ஒரு பங்கு தர வேண்டும் என்று ஒருவர் வீட்டுக்கே வந்து கேட்கிறார். என்ன செய்வது?

பதில்: சகோதரி, உங்கள் அம்மாவுக்கு நேர்ந்தது பெரும் கொடுமை. அதற்குமேல் இப்படி அலைக்கழிவதும் சேர்ந்துகொண்டதே என்று மனம் கனக்கிறது. சித்தப்பா நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 396ஆம் பிரிவு, குற்றவாளி யாரென்றே தெரியாத நிலையிலும் பாதிக்கப்பட்டவரோ அவரைச் சார்ந்தவர்களோ இழப்பீடு கேட்கலாம் என்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357ஏ என்று இருந்த பிரிவுதான் இது. பணத்தைத் திருடன் தருவதில்லை, அரசு நிதியிலிருந்து வருகிறது. அதனால் அவன் சிக்குவதற்கும் நீங்கள் மனு கொடுப்பதற்கும் முடிச்சுப் போட வேண்டியதில்லை.

மனு கொடுக்க வேண்டிய இடம் நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால் குழித்துறை நீதிமன்றத்தில் உள்ள வட்ட சட்டப்பணிகள் குழுவில் போய்க் கேளுங்கள், வழிகாட்டுவார்கள். மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வேண்டுமென்றால் அதுவும் இலவசம். பெண் என்ற ஒரே காரணம் போதும், வருமானச் சான்றிதழ்கூடக் கேட்க மாட்டார்கள். போனில் விவரம் கேட்க 15100. ஆகவே பங்கு கேட்டு வந்தவரிடம் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள், அசல் ஆவணம் எதையும் அவர் கையில் கொடுக்காதீர்கள்.

பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்காகத் தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு 2018இல் தனி இழப்பீட்டுத் திட்டம் வகுத்தது. பாலியல் குற்றம் மட்டும்தான் அதில் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, உயிரிழப்பும் அந்த அட்டவணையில் இருக்கிறது: குறைந்தது 5 லட்சம், அதிகபட்சம் 10 லட்சம். சம்பவம் நடந்து 3 ஆண்டுக்குள் கேட்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகலை வைத்தே மனு போடலாம், வழக்கு முடியும்வரை பொறுக்க வேண்டாம். இறுதித் தொகை தாமதமானால் இடைக்கால நிவாரணம் தாருங்கள் என்று அதே மனுவில் ஒரு வரி சேருங்கள். உங்கள் மனு மீதான விசாரணையை ஆணைக்குழு 2 மாதத்தில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். மறுத்தாலோ தொகை குறைந்தாலோ 30 நாளுக்குள் மாநில ஆணைக்குழுவுக்கு மேல்முறையீடு செய்யலாம். தம்பியின் பங்கில் 80 சதவீதத்தை வங்கியில் டெபாசிட் போட்டுவிடுவார்கள். படிப்புச் செலவு என்று காட்டினால் இடையில் எடுக்க அனுமதி கேட்க முடியும்.

மனு எழுதும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். எஃப்.ஐ.ஆர். நகலை எடுத்து, எந்தப் பிரிவு போட்டிருக்கிறது என்று பாருங்கள். சம்பவத்தன்று அம்மா உயிரோடு இருந்தார். அதனால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 304, அதாவது வெறும் பறிப்பு என்று பதிவாகியிருக்கலாம். அதற்கு 3 ஆண்டுவரைதான் தண்டனை. திருடுவதற்காக வேண்டுமென்றே காயம் ஏற்படுத்தியிருந்தால் அது 309ஆம் பிரிவின் கொள்ளை ஆகிவிடும். ஆறாம் நாள் மரணம் நேர்ந்ததும், ஸ்டேஷனிலிருந்து பிரிவை மாற்றி மாஜிஸ்திரேட்டுக்கு அறிக்கை போயிருக்க வேண்டும். போயிற்றா என்று கேளுங்கள். போகவில்லை என்றால் பிரேதப் பரிசோதனைச் சான்றை இணைத்து இன்ஸ்பெக்டரிடம் எழுத்தில் கொடுங்கள், நாகர்கோவில் எஸ்.பி. அலுவலகத்துக்கு ஒரு நகலைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. காகிதத்தில் சங்கிலி போனது மட்டும் இருந்து அம்மா போனது இல்லையென்றால், உங்கள் மனு முதல் மேஜையிலேயே நின்றுவிடும். பிரேதப் பரிசோதனைச் சான்றில் ‘தலைக்காயத்தால் மரணம்’ என்ற பொருளில் இருக்கும் வரிதான் இரண்டையும் இணைக்கிறது.

அதோடு ஆஸ்பத்திரியில் முதலில் பதிந்த ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி, இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, இருவரின் ஆதார், வங்கிப் பாஸ்புக், செலவு ரசீதுகள். வாரிசுச் சான்றுக்கு நாளாகும், இ-சேவை மையத்தில் இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள்.

வழக்கு எங்கே நிற்கிறது என்று கேட்கப் போனால் விரட்டுவார்களோ என்ற தயக்கம் வேண்டாம். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டியது போலீசின் கடமை (நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 193ஆம் பிரிவு). மூன்று மாதம் ஆகிவிட்டது, இப்போது கேட்கலாம். குற்றவாளியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று கோப்பை மூட நினைத்தால் உங்களுக்கு நோட்டீஸ் வரும். “சும்மா ஒரு கையெழுத்து” என்பார்கள். படித்துப் பார்த்து, ஏற்கவில்லை என்றால் அதையே எழுதிக் கையெழுத்திடுங்கள். மாஜிஸ்திரேட்டிடம் ஆட்சேபணை மனு போட உங்களுக்கு உரிமை இருக்கிறது. நாளை ஆள் சிக்கி வழக்கு நடந்தால், அரசு வக்கீலுக்கு உதவியாக உங்கள் தரப்பு வக்கீலையும் நீதிமன்றத்தின் அனுமதியோடு நிறுத்தலாம். விடுதலையானால் மேல்முறையீடும் செய்யலாம்.

இழப்பீட்டை மட்டும் பார்த்துக்கொண்டு ஆலையை மறந்துவிடாதீர்கள். அம்மாவுக்கு பி.எஃப். பிடித்தம் இருந்ததா? இருந்தால் சேமிப்புத் தொகை தவிர, அதோடு இணைந்த காப்பீட்டில் 7 லட்சம்வரை வர வாய்ப்புண்டு. மரணத்துக்கு என்ன காரணம் என்பது அதற்குத் தடையே இல்லை. பெற்றோர் இருவரும் இல்லாத பிள்ளைகளுக்கான ஓய்வூதியம் 25 வயதுவரை உண்டு, நீங்கள் இருவருமே அந்த வயதுக்குள் இருக்கிறீர்கள். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) இருந்தால், வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் நேர்ந்தது என்று சொல்லி சார்ந்தோர் உதவித்தொகை கேளுங்கள். எதிர்ப்பு வரலாம், ஆனாலும் வலுவான வாதம்தான். அன்று எத்தனை மணிக்கு வேலை முடிந்தது என்பதற்கு ஆலையின் வருகைப் பதிவேட்டு நகலை இப்போதே எழுதிக் கேட்டு வையுங்கள்.

தம்பிக்கு 18 ஆகும்வரை தமிழக அரசின் அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் பெற விண்ணப்பிக்கலாம். நாகர்கோவிலில் உள்ள மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரியுங்கள். அவன் ராத்திரி தூங்காமல் இருக்கிறானா, பள்ளிக்குப் போக மறுக்கிறானா? ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அப்புறம், அந்தச் சங்கிலி. வாங்கிய ரசீதும் அம்மா அதை அணிந்திருக்கும் ஒரு தெளிவான போட்டோவும் தேடி எடுத்து, நகலை ஸ்டேஷனில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். நகை எங்காவது மீட்கப்பட்டால் அடையாளம் காட்டவும், நீதிமன்றத்தில் மனுப் போட்டுத் திரும்பப் பெறவும் அவை வேண்டும்.