கொச்சிக்கு ஏன் இன்னும் யுனெஸ்கோ பட்டம் இல்லை? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பள்ளிப் பிள்ளைகளை ஃபோர்ட் கொச்சிக்குச் சுற்றுலா கூட்டிப் போயிருந்தோம். இலங்கையின் காலி கோட்டைக்கும் பினாங்குக்கும் உலகப் பாரம்பரியப் பட்டம் இருக்கிறதே, நம்ம கொச்சிக்கு ஏன் இல்லை என்று ஒரு மாணவி கேட்டுவிட்டாள். எதைப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள்?
(ஆசிரியை, கொழிஞ்சாம்பாறை)

பதில்: பழமையைப் பார்த்துக் கொடுப்பதாக இருந்தால் கொச்சி எப்போதோ வாங்கியிருக்கும், டீச்சர். 1503-ல் போர்ச்சுகீசியர் கோட்டை கட்டினார்கள், 1663-ல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள், 1795-ல் ஆங்கிலேயர் வந்தார்கள். 1524-ல் இறந்த வாஸ்கோடகாமாவை முதலில் அடக்கம் செய்ததும் அங்கேதான்.

ஆனால் யுனெஸ்கோ கேட்பது வேறு. மொத்தம் பத்து அளவுகோல்கள், அதில் ஆறு பண்பாடு சார்ந்தவை, ஒன்றிலாவது தேற வேண்டும். அதோடு, சொல்கிற கதைக்குச் சாட்சியாகத் தரையில் என்ன மிச்சமிருக்கிறது, அதை யார் எந்தச் சட்டத்தை வைத்துக் காப்பாற்றுகிறார்கள் என்றும் கேட்பார்கள். காலி 1988-லேயே வாங்கியதற்குக் காரணம் மதிலும் கொத்தளமும் உள்ளே தெருக்களும் அப்படியே நிற்பதுதான். கொச்சிக் கோட்டையை 1806-ல் ஆங்கிலேயரே இடித்துத் தள்ளிவிட்டார்கள், அதனால் கோட்டையைக் காட்டிப் பட்டம் கேட்டால் ‘கோட்டை எங்கே?’ என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

கோட்டை போனதால் எல்லாம் போச்சு என்றும் இல்லை. மலேசியாவின் மலாக்காவிலும் கோட்டையை இடித்தாச்சு, ஒரு வாசல்தான் மிச்சம். இருந்தும் பினாங்கின் ஜார்ஜ் டவுனோடு சேர்த்து 2008-ல் பட்டம் கிடைத்தது, ஏனென்றால் மலாய்க்காரர், சீனர், இந்தியர், ஐரோப்பியர் என்று எல்லாரும் கலந்து வாழ்ந்த வணிக நகரம் என்ற கதையைச் சொன்னார்கள், கடைவீதியும் கோவிலும் மசூதியும் அதற்குச் சாட்சியாக இருந்தன. கொச்சியும் இதே கதையைச் சொன்னால், ‘இந்த மாதிரி ஒன்று பட்டியலில் இருக்கிறதே, உங்களிடம் புதிதாக என்ன?’ என்பார்கள். ஒப்பீடு என்று ஒரு தனி அத்தியாயமே மனுவில் எழுத வேண்டும், நிறைய ஊர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

என்னைக் கேட்டால், புதிது கொச்சி ராஜாதான். மலாக்காவில் சுல்தானைப் போர்ச்சுகீசியர் 1511-லேயே துரத்திவிட்டார்கள். கொச்சியில் மூன்று ஐரோப்பியர்கள் மாறி மாறி வந்தும், அதிகாரம் குறைந்தாலும், பக்கத்திலேயே ராஜ வம்சம் 1949 வரை தொடர்ந்தது. 1555 வாக்கில் போர்ச்சுகீசியர் அவருக்குக் கட்டிக் கொடுத்த மட்டாஞ்சேரி அரண்மனையும், அதை ஒட்டியே 1568-ல் எழுந்த யூதர் ஜெபாலயமும் இன்றும் நிற்கின்றன. சுதந்திரத்துக்கு முன் ஃபோர்ட் கொச்சி சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவில் இருந்தது, நாலு தெரு தாண்டினால் மட்டாஞ்சேரி, அது ராஜாவின் சீமை. ஃபோர்ட் கொச்சியை மட்டும் கோடு போட்டுக் காட்டினால் கதை பாதிதான். அரண்மனை மட்டும் தனியாக 2014-லிருந்து உத்தேசப் பட்டியலில், அதாவது பின்னால் பட்டம் கேட்கலாம் என்று நாடு குறித்துக் கொடுக்கிற பட்டியலில், கிடக்கிறது, அதுவும் பாதிதான். இரண்டையும் சேர்த்து, குஜராத்தி, கொங்கணித் தெருக்களையும், நம்ம தமிழ் வண்ணார்கள் இன்றும் துணி வெளுக்கிற தோபி கானாவையும் உள்ளே வைத்துக் கேட்க வேண்டும்.

கடைசி முடிச்சு பாதுகாப்பு. இக்கோமோஸ் என்ற நிபுணர் அமைப்பு ஆள் அனுப்பி நேரில் பார்க்கும். எல்லைக்கு வெளியே காப்பு வளையம் உண்டா, எத்தனை மாடிக்கு அனுமதி, பழைய வீட்டை இடித்தால் யார் தடுப்பது என்று குடைவார்கள். பட்டம் வாங்கின பிறகும் நிம்மதி கிடையாது, 2004-ல் வாங்கிய இங்கிலாந்தின் லிவர்பூல், துறைமுகக் கரையில் புதுக் கட்டடங்களை அனுமதித்ததால் 2021-ல் பறிகொடுத்தது. வரலாற்றில் கொச்சி பாஸ், இந்தப் பாடத்தில்தான் எனக்குச் சந்தேகம்.

கேள்வி: எங்கள் ஊராட்சியே நேரடியாக யுனெஸ்கோவுக்கு மனுப் போடலாமா?
(வாசகர், சித்தூர், பாலக்காடு)

பதில்: முடியாது. மத்திய அரசு மட்டும்தான் அனுப்பலாம், அதுவும் வருஷத்துக்கு ஒரு இடம். அதற்கு முன் குறைந்தது ஒரு வருஷம் உத்தேசப் பட்டியலில் இருந்திருக்க வேண்டும். பிப்ரவரி 1-க்குள் மனு பாரிஸ் போய்ச் சேர்ந்தால் அடுத்த வருஷ நடுவில் முடிவு வரும். சேர்க்கலாம், விவரம் கேட்கலாம், திருத்தி எழுதச் சொல்லலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். ஊராட்சி செய்யக்கூடியது, பழைய கட்டடங்களைப் படம் எடுத்துப் பதிவு செய்து மாநில அரசை நச்சரிப்பது.

கேள்வி: அப்படியென்றால் பழவேற்காடு?
(வாசகி, சூலூர்பேட்டை)

பதில்: ஏரிக்கரைக்காரர் கேட்பீர்கள் என்று நினைத்தேன்! சோழமண்டலக் கரையில் 1690 வரை டச்சுக்காரர்களுக்கு அதுதான் தலைமையிடம், அப்புறம் நாகப்பட்டினத்துக்கு மாறிவிட்டார்கள். அவர்கள் அங்கே கட்டிய கெல்டிரியா கோட்டை இன்று வெறும் மேடு. டச்சுக் கல்லறைகள் மட்டும் நல்ல வேலைப்பாட்டோடு தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கின்றன. தனியாக உலகப் பட்டம் கேட்க இது போதாது. கோட்டை மேட்டை அகழ்ந்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், அது நியாயமான கோரிக்கை.