கொரோனா கால பிளானிங் நீட்டிப்பு: பழைய அனுமதி இன்னும் செல்லுமா?

பொதுமுடக்கத்தால் வேலை தொடங்க முடியாமல் போன பிளானிங் அனுமதிகளுக்கு (கட்டடம் கட்ட கவுன்சில் தரும் அனுமதி), இங்கிலாந்தின் 2020ஆம் ஆண்டு பிசினஸ் அண்ட் பிளானிங் சட்டம் 2021 மே 1 வரை அவகாசம் தந்தது. அதைக் காட்டி இன்றும் மனைகள் விலைபேசப்படுகின்றன. அது பற்றி வந்த கேள்விகள் இவை.

இரண்டு வீடுகளுக்கு 2017 ஜூன் 15இல் அனுமதி, மூன்று ஆண்டுக்குள் தொடங்க வேண்டும். 2021 மார்ச்சில் அடித்தளக் குழி வெட்டியதாக விற்பவர் சொல்கிறார். வாங்கலாமா? (ஈஸ்ட் ஹாம்)

அவசரப்படாதீர்கள். அந்த மனையின் அனுமதி 2020 ஜூனிலேயே முடிந்துவிட்டது. நீட்டிப்புப் பிரிவுகள் அமலுக்கு வந்ததோ ஆகஸ்ட் 19இல். அன்று முதல் டிசம்பர் 31 வரை முடியவிருந்த அனுமதிகள்தான் தானாக நீண்டன. மார்ச் 23க்கும் ஆகஸ்ட் 19க்கும் இடையில் முடிந்தவற்றுக்கு, பழைய சுற்றுச்சூழல் மதிப்பீடுகள் இன்னும் பொருந்துமா என்று பார்த்து, கவுன்சில் 'கூடுதல் சுற்றுச்சூழல் ஒப்புதல்' தரவேண்டும். அதற்கு 2020 டிசம்பர் 31க்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும்.

விற்பவரிடம் அந்த ஒப்புதல் கடிதத்தைக் கேளுங்கள். கடிதம் இல்லை என்றாலும் கதை முடியவில்லை: உரிய காலத்துக்குள் (வழக்கமாக 28 நாள்) கவுன்சில் முடிவு சொல்லாவிட்டால் ஒப்புதல் கிடைத்ததாகவே சட்டம் கொள்ளும். அப்படியென்றால் விண்ணப்பப் பிரதியும், கவுன்சில் அதைப் பெற்றதற்கான மின்னஞ்சலும் கையில் வேண்டும். எதுவுமே இல்லையா? மார்ச்சில் வெட்டிய குழியால் பயனில்லை. அனுமதி இல்லாத மனைக்கான விலையைப் பேசுங்கள்.

எங்கள் அனுமதி 2020 அக்டோபரில் முடியவிருந்தது. 2021 ஏப்ரல் 30இல் குழி வெட்டினோம். இப்போது கவுன்சில் செல்லாது என்கிறது. ஏன்? (ஹாரோ)

தேதியில் பிழை இல்லை. அடித்தளத்துக்கான குழி வெட்டுவது 1990ஆம் ஆண்டு பிளானிங் சட்டத்தின் 56ஆம் பிரிவில் வேலைத் தொடக்கமாகவே எண்ணப்படும். ஒரு வீட்டுக்கு வெட்டினாலும் முழு அனுமதியும் உயிரோடிருக்கும். நீங்கள் அனுப்பிய கடிதத்தில் சிக்கல், அனுமதியின் நான்காம் கண்டிஷன் (நிபந்தனை): மண் மாசுப் பரிசோதனை அறிக்கைக்கு ஒப்புதல் வாங்கும்வரை எந்த வேலையும் தொடங்கக் கூடாது. கொரோனா சட்டம் நீட்டியது தொடங்கும் தேதியை மட்டுமே. இத்தகைய கண்டிஷன்களை அது தொடவில்லை. அவற்றை மீறிச் செய்த வேலை தொடக்கமாகாது என்பது 1992இன் விட்லி தீர்ப்பு.

ஆனால் அதே தீர்ப்பில் உங்களுக்கு ஒரு வழியும் உண்டு. கெடு முடியுமுன் அறிக்கையைச் சமர்ப்பித்து, ஒப்புதல் பிறகு வந்திருந்தால் தொடக்கம் தப்பும். சமர்ப்பித்த தேதியைத் தேடியெடுங்கள். கூடவே தேதியுள்ள படங்கள், ஜேசிபி வாடகை பில், பில்டிங் கன்ட்ரோல் (கட்டுமான விதிகளைச் சரிபார்ப்பவர்) ஆய்வுக் குறிப்பு ஆகியவற்றைச் சேர்த்து, செய்த வேலை சட்டப்படியானது என்று உறுதிசெய்யும் சட்டப்பூர்வச் சான்றிதழுக்கு (அதே 1990 சட்டத்தின் 191ஆம் பிரிவு) விண்ணப்பியுங்கள். குழி, ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் உள்ள இடத்திலேயே இருப்பதையும் அளந்து காட்ட வேண்டும்; இரண்டு மீட்டர் தள்ளி வெட்டியதால் தோற்கும் விண்ணப்பங்கள் உண்டு.

சிஐஎல் (CIL, புதுக் கட்டுமானத்துக்கு கவுன்சில் வசூலிக்கும் உள்கட்டமைப்புக் கட்டணம்) தொடர்பான தொடக்க அறிவிப்பை, வேலை தொடங்குவதற்கு முந்தைய நாளுக்குள் அனுப்பாதது வேறு விஷயம். அதனால் தொடக்கம் கெடாது. தவணைச் சலுகை போகும், அபராதமும் சேரலாம்.

2021 ஜனவரியில் முடிந்த அனுமதி? (குரோய்டன்)

நீளவில்லை. அந்தக் குளிர்காலமும் பொதுமுடக்கம்தான் என்றாலும், அரசு டிசம்பர் 31 வரம்பைத் தள்ளிவைக்கவில்லை. பலருக்கு இது பெரிய அநியாயமாகவே முடிந்தது.

அவுட்லைன் அனுமதிக்கும் (விவரங்களைப் பிறகு தீர்மானிக்கும் முதற்கட்ட அனுமதி) பட்டியலிடப்பட்ட (பாதுகாக்கப்பட்ட பாரம்பரிய) கட்டட ஒப்புதலுக்கும் நீட்டிப்பு உண்டா?

விவரத் திட்டங்களைச் சமர்ப்பிக்கும் கெடு 2020 மார்ச் 23 முதல் டிசம்பர் 31க்குள் இருந்தால், கூடுதல் ஒப்புதல் எதுவும் இல்லாமலே மே 1க்கு நகர்ந்தது. பட்டியலிடப்பட்ட கட்டடங்களுக்கும் அப்படியே. பில்டிங் ரெகுலேஷன் (கட்டுமானத் தர விதிகள்) ஒப்புதல் இந்தச் சட்டத்தில் வரவே இல்லை.

முடிந்துபோன அனுமதிக்கு 1990 பிளானிங் சட்டத்தின் 73ஆம் பிரிவில் காலநீட்டிப்புக் கேட்கலாமா?

முடியாது. அந்தப் பிரிவால் கண்டிஷனை மாற்றலாம், தொடங்கும் காலத்தை நீட்ட முடியாது. புது விண்ணப்பம்தான் வழி. பழைய அனுமதியைச் சாதகமாகக் காட்டலாம். ஆனால் அதற்குப் பின் கவுன்சிலின் உள்ளூர்த் திட்டம் மாறியிருக்கிறதா, 2024 பிப்ரவரியில் அமலாகத் தொடங்கிய 10 விழுக்காடு பல்லுயிர்ப் பெருக்க விதி (இயற்கை வாழிடத்தை முன்பிருந்ததைவிட 10 விழுக்காடு கூட்ட வேண்டும் என்பது) உங்கள் மனைக்குப் பொருந்துகிறதா என்று கட்டட வரைஞருக்குப் பணம் கொடுக்குமுன் பாருங்கள்.