துண்டுமா எல்லையில் பேருந்து நின்றுவிட்டால்

வணக்கம். சாம்பியாவின் தலைநகர் லுசாக்காவிலிருந்து தான்சானியாவின் தாருஸ்ஸலாமுக்குப் பேருந்தில் செல்லவிருப்பதாகவும், சென்று சேர்வதாகச் சொல்லப்பட்ட நாளுக்கு மறுநாள் காலையிலேயே சான்சிபார் படகுக்குச் சீட்டு எடுத்துவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். முதலில் அந்தச் சீட்டை இரண்டு நாள் தள்ளிப் போட்டுவிடுங்கள். மற்ற யோசனைகளெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இரு நாடுகளுக்கும் இடையிலுள்ள நக்கொண்டே–துண்டுமா எல்லையில், செம்பு ஏற்றிக்கொண்டு தாருஸ்ஸலாம் துறைமுகத்துக்குச் செல்லும் லாரிகள் நிற்கும் அதே சாலையில்தான் உங்கள் பேருந்தும் ஊர்ந்தாக வேண்டும். பயணிகளின் கடவுச்சீட்டுகளில் முத்திரை விழுந்த பின்னரும், பேருந்தின் வயிற்றில் வணிகர்கள் ஏற்றியிருக்கும் மூட்டைகளைச் சுங்கத்தார் பார்த்து முடிக்கும்வரை வண்டி நகராது. நான் சென்றபோது பதினொரு மணி நேரம் நின்றோம். "இதோ கிளம்பிவிடும்" என்ற நடத்துநரின் சொல்லை நம்பிச் சாப்பிடப் போகாமலிருந்தது என் தவறு. அவரிடமே சொல்லிவிட்டு, அவருடைய கைபேசி எண்ணையும் வாங்கிக்கொண்டு இறங்குங்கள். கடவுச்சீட்டையும் பணத்தையும் இருக்கையில் விட்டுச் செல்லாதீர்கள்.

இன்னொன்று: தான்சானியாவின் கடிகாரம் சாம்பியாவைவிட ஒரு மணி முன்னே ஓடுகிறது. அதற்கு மேல், அங்கே பேசும் சுவாஹிலி மொழியில் மணியை, நம் நாழிகைக் கணக்கைப் போல, விடியலிலிருந்தே எண்ணுவார்கள். 'சா ம்பிலி', அதாவது இரண்டு மணி, என்றால் காலை எட்டு. புறப்படும் நேரத்தைக் கேட்கும்போது எந்தக் கணக்கு என்பதையும் கேளுங்கள்.

தாமதத்தால் மிக்குமி தேசியப் பூங்காவைப் பகலில் கடக்க நேர்ந்தால், சாலையோரத்திலேயே யானைகளைக் காணும் வாய்ப்புண்டு.