ஒரே ஊரில் இரண்டு முனுசாமி, பட்டா யாருக்கு?

கேள்வி: பென்னாகரம் பக்கம் எங்கள் ஊர். தாத்தா மாதையன் 1963-ல் கிரயம் வாங்கிய ரெண்டு ஏக்கரை நாங்கள்தான் உழுகிறோம். பட்டா இறந்துபோன அப்பா முனுசாமி பெயரில் இருந்தது. ஊரில் எங்களுக்கு உறவே இல்லாத இன்னொரு முனுசாமி இருந்தார், அவர் அப்பாவும் மாதையன். அவர் இறந்ததும் அவர் பிள்ளைகள் வாரிசு என்று சொல்லி இந்தப் பட்டாவைத் தங்கள் பெயருக்கு மாற்றி, இப்போது விலை பேசுகிறார்கள். எங்கள் பத்திரத்தில் சேலம் மாவட்டம் என்று வேறு இருக்கிறது. நிலம் போய்விடுமா?

பதில்: போகாது. பட்டா மட்டும் யாருக்கும் உரிமை தந்துவிடாது, உங்களிடம் பதிவான கிரயப் பத்திரமும் இருக்கிறது, நிலமும் உங்கள் அனுபவத்தில் இருக்கிறது. சேலம் என்று இருப்பது குறையே இல்லை, தர்மபுரி தனி மாவட்டமானதே 1965 அக்டோபர் 2-ல்தான். (கிருஷ்ணகிரிக்காரர்கள் பத்திரத்தில் 2004 பிப்ரவரி வரை தர்மபுரி மாவட்டம் என்றுதான் இருக்கும்.)

மாதேஸ்வரன் மலைக்கு வேண்டிக்கொண்டு பெயர் வைக்கும் நம் பக்கத்தில் தெருவுக்கு ஒரு மாதையன் இருப்பார். ஊருக்குள் மேட்டுக்காட்டார், கிணத்துக்காட்டார் என்று பிரித்துச் சொல்வோம், ஆனால் கம்ப்யூட்டர் சிட்டாவில் அதெல்லாம் ஏறாதே. அதனால் பெயரை வைத்து வாதாடாதீர்கள். கிராமம், சர்வே எண், நான்கெல்லை, இவைதான் பேசும். பத்திரத்தில் உள்ள பழைய எண்ணுக்கு இப்போதைய உட்பிரிவு எண் எது என்று தாலுகா அலுவலகத்தில் எழுத்தில் வாங்குங்கள், வழக்கே இதில்தான் நிற்கும். அப்புறம் அ-பதிவேடு (கிராமத்தின் நிலப் பதிவேடு) நகல், வில்லங்கச் சான்று, கிஸ்தி (நில வரி) ரசீது, அடங்கல் (பயிர்க் கணக்கு) எல்லாம் வாங்கிவையுங்கள். இரண்டு முனுசாமியும் வேறு வேறு ஆள் என்று காட்ட இருவரின் இறப்புத் தேதி, மனைவி பெயர், வாரிசுச் சான்று, பழைய வாக்காளர் பட்டியல் போதும்.

பட்டா மாறுதலை எதிர்த்து, பட்டா பாஸ்புத்தகச் சட்டம் 1983, பிரிவு 12-ன்படி கோட்டாட்சியரிடம் உடனே மேல்முறையீடு செய்யுங்கள். உங்களுக்கு நோட்டீஸே வரவில்லை என்பதை அழுத்தி எழுதுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம், எதிர்த்தரப்பு உரிமை கோரினால் கோட்டாட்சியர் உங்களை சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார். எனவே கூடவே சிவில் கோர்ட்டில் உரிமை விளம்புகை வழக்கு (நிலம் உங்களுடையது என்று கோர்ட் அறிவிக்கக் கேட்பது) போட்டு, விற்கக்கூடாது என்று இடைக்காலத் தடை கேளுங்கள். உரிமை மறுக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று வருடம்தான் கெடு, அதைத் தாண்ட விடாதீர்கள்.

ஆட்களோடு போய்ச் சண்டை போட வேண்டாம், தயவுசெய்து. அந்தப் பிள்ளைகள் உண்மையிலேயே தங்கள் அப்பா நிலம் என்று நினைத்திருக்கவும் கூடும், ஒருமுறை பத்திரத்தைக் காட்டிப் பேசிப் பாருங்கள். விலை பேசுகிறவர் யார் என்று தெரிந்தால் அவருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிடுங்கள், தெரியாமல் வாங்கினேன் என்று பிறகு அவர் சொல்ல முடியாது. வழக்குப் போட்ட பிறகு வாங்கினாலும் சொத்துமாற்றுச் சட்டம் பிரிவு 52-ன்படி தீர்ப்பு அவரையும் கட்டும்.