வேதாரண்யம் கடலோர மனையில் வீடு: மண் நிரப்புவதா, தூண்களில் நிறுத்துவதா?

கேள்வி: வேதாரண்யம் அருகே, கடலிலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் தொலைவில் 6 சென்ட் மனை வைத்திருக்கிறேன். 2018 கஜா புயலின்போது அங்கே 3 அடித் தண்ணீர் நின்றது. மனை முழுவதும் 4 அடி மண் நிரப்பிக் கட்டலாம் என்கிறார் மேஸ்திரி. தூண்கள் மேல் கட்டச் சொல்கிறார் மைத்துனர். சிமென்ட் கடையிலோ சல்பேட் எதிர்ப்பு சிமென்ட் வாங்கச் சொல்கிறார்கள். எதைச் செய்வது?

பதில்: உயர் அலைக்கோட்டிலிருந்து (பேரலையின்போது கடல் நீர் ஏறும் எல்லை) 500 மீட்டருக்குள் உங்கள் மனை இருப்பதால் அது கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்தில் வருகிறது. அந்த மண்டலத்தில் வீடு கட்டுவதற்கான அனுமதி கைக்கு வரும்வரை வரைபடத்துக்கோ பொருளுக்கோ பணம் கொடுக்க வேண்டாம்.

மண் நிரப்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மனை முழுவதையும் மேடாக்கினால், அங்கே பரவி வடிய வேண்டிய தண்ணீர் பக்கத்து வீட்டுக்குள் போகும். கொட்டிய மண் ஆண்டுக்கணக்கில் அமர்ந்து தரையில் விரிசல் காட்டும். அடுத்த அலைப்பெருக்கில் மேட்டின் விளிம்பு அரிபடும். தூண்கள் மேல் நிற்கும் வீட்டின் அடியில் தண்ணீர் வந்த வழியே வடிந்துவிடும். ஆகவே உங்கள் மைத்துனர் சொல்வதே சரி.

உயரத்தை ஊகமாகத் தீர்மானிக்காதீர்கள். பக்கத்து வீட்டுச் சுவரில் கஜா விட்டுச்சென்ற நீர்க்கறை இன்னும் தெரிந்தால், அதை டியூப் லெவல் (நீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) வைத்து உங்கள் மனையில் நட்ட ஒரு கம்பத்துக்கு மாற்றிக் குறியுங்கள். வீட்டுத் தளத்தைத் தாங்கும் விட்டங்களின் அடிப்பகுதி அந்தக் குறிக்கு 2 அடி மேலே இருக்கட்டும். அப்படியானால் தளம் ஏறத்தாழ 6½ அடி உயரத்தில் வரும். அரை அடிப் படிகளாக 13 படிகள் ஏற வேண்டியிருக்கும் என்பதால், வீட்டில் முதியவர்கள் இருந்தால் சாய்வுப்பாதைக்கும் இப்போதே இடம் ஒதுக்குங்கள். பின்னாளில் அடிப்பகுதியைச் சுவர் வைத்து அடைத்து அறையாக்கினால் இத்தனை செலவும் வீணாகிவிடும். தூண்களைத் தரை மட்டத்தில் இணைப்பு விட்டங்களால் பிணைக்க வேண்டும். தளர்ந்த மணலில் ஓடும் நீர் அஸ்திவாரத்தின் அடி மண்ணை அரித்துக்கொண்டு போகும் என்பதால், அதன் ஆழத்தை மண் பரிசோதனைக்குப் பிறகு கட்டுமானப் பொறியாளரே முடிவு செய்யட்டும்.

வெள்ளத்தைவிட உப்புக்காகவே நான் அதிகம் கவலைப்படுகிறேன். வெள்ளம் எப்போதோ வரும்; உப்புக்காற்றோ அன்றாடம் கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். கடைக்காரர் சொல்லும் சல்பேட் எதிர்ப்பு சிமென்ட், உப்பிலிருந்து வந்து கம்பியை அரிக்கும் குளோரைடைப் பிடித்து வைக்கும் திறன் குறைந்தது, ஆகவே கடற்கரையில் கம்பிக்கு அது நல்ல காவல் அல்ல. இரும்பாலைக் கசடு கலந்த ஸ்லாக் சிமென்ட் வாங்குங்கள். கடலோரத்துக்கு ஐ.எஸ். 456 என்ற இந்தியக் கான்கிரீட் தரநிலை கேட்பது குறைந்தது எம்30 வலிமைத் தரக் கான்கிரீட், 45 மி.மீ. கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்), 0.45-ஐத் தாண்டாத நீர்-சிமென்ட் விகிதம். அதாவது 50 கிலோ மூட்டைக்கு, மணலில் உள்ள ஈரத்தையும் சேர்த்து, 22.5 லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது. கம்பிக்கு அடியில் அந்தக் கனத்தைக் காக்கும் கவர் பிளாக்குக்குப் பதிலாக ஜல்லித் துண்டைச் செருகும் பழக்கம் கட்டட வேலை நடக்கும் பல இடங்களில் இருக்கிறது. கான்கிரீட் போடும் முன் நீங்களே குனிந்து பார்த்து அவற்றை எடுக்கச் சொல்லுங்கள். மனையில் போர் போட்ட உவர் நீரைக் கலவைக்கும், போட்ட கான்கிரீட்டை நனைத்து இறுக வைப்பதற்கும் பயன்படுத்தாதீர்கள். கலவை நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

கூரைக்குக் கான்கிரீட் தளமே நல்லது. ஓடு அல்லது தகடுதான் வேண்டுமென்றால், நாற்புறமும் சரியும் கூரையாக, 22 முதல் 30 டிகிரிச் சாய்வில், வெளிநீட்டம் ஒன்றரை அடிக்கு மிகாமல் அமையுங்கள். திண்ணைக் கூரையைத் தனியாகப் பிரித்துவிட்டால், காற்று அதைப் பிய்த்தாலும் வீட்டுக் கூரை தப்பும்.

மீட்டர் பெட்டி, மோட்டார் ஸ்விட்ச் எல்லாம் வீட்டுத் தள உயரத்துக்கு மேலேயே இருக்கட்டும். செப்டிக் டேங்கை மட்டும் மேஸ்திரியின் வழக்கத்துக்கு விட்டுவிடாதீர்கள்: நிலத்தடி நீர் உயரும்போது காலியான டேங்க் மிதந்து குழாய்களை முறித்துவிடும். அதன் அடித்தளத்தைச் சுவருக்கு வெளியே ஓர் அடி நீட்டி, அதன்மேல் மண் எடை விழும்படி கட்டுங்கள். வீட்டுக் குழாயில் நீர் திரும்பி வராத வால்வைப் பொருத்துங்கள். மழைக்காலம் தொடங்கும் தறுவாயில் டேங்கைக் காலி செய்யாதீர்கள்.