வாசகர் கேள்வி பதில்: விலை குறைந்த ஈய வார்ப்புக் கருவிகள் எவ்வளவு காலம் உழைக்கும்?

கேள்வி: இலக்குச் சுடுதல் சங்கமொன்றில் உரிமம் பெற்ற உறுப்பினராக இருக்கிறேன். பயிற்சிக்கு வேண்டிய ஈயக் குண்டுகளை நானே வார்த்துக்கொள்ள விரும்புகிறேன். அலுமினிய அச்சு மிகவும் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் சங்கத்து மூத்தவர்களோ, “அது சீக்கிரம் தேய்ந்துவிடும், இரும்பு அச்சையே வாங்கு” என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: உங்கள் நாட்டுச் சட்டமும் உங்கள் உரிமமும் இந்த வேலைக்கு இடம் தருகின்றனவா என்பதை முதலில் எழுத்து மூலமாகவே உறுதி செய்துகொள்ளுங்கள்.

மூத்தவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. 1878-இல் தொடங்கப்பட்ட லைமன் போன்ற பழைய நிறுவனங்களின் இரும்பு, எஃகு அச்சுகள் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குக் கைமாறுவது உண்டு. ஆனால் அலுமினியத்தைக் கெடுப்பது உருகிய ஈயத்தின் சூடு அன்று. ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகுகிறது. அலுமினியம் உருகுவதற்கு 660 டிகிரி வேண்டும். ஆகவே, முறையாக வார்ப்பவரின் அச்சுக் குழி ஈயத்தால் தேய்வது அரிது. சேதம் தொடங்கும் இடம் வேறு: அச்சின் மேல் மூடியாக நின்று, மிஞ்சிய ஈயத்தை வெட்டித் தள்ளும் எஃகுத் தகடும், இரு பாதிகளையும் ஒன்றோடொன்று பொருத்தும் ஊசிகளும்தான் மென்மையான அலுமினியத்தை அரிக்கின்றன.

பழைய அலுமினிய அச்சு ஒன்று கிடைத்தால் அதன் மேற்பரப்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். தகட்டின் திருகாணியை மையமாகக் கொண்டு வில் வில்லாகக் கீறல்கள் தெரியும். மேலே நிற்கும் ஈயம் உறைவதற்கு முன்பே அவசரப்பட்டுத் தகட்டைத் தள்ளினால், பாதி இறுகிய ஈயம் தகட்டுக்கும் அச்சுக்கும் இடையில் ஈஷிக்கொள்கிறது. அடுத்தடுத்த தள்ளலில் அதுவே மேற்பரப்பைக் கீறத் தொடங்குகிறது. அதன் பிறகு தகடு சமமாக உட்காராது. குண்டின் அடிப்பாகத்தில் மெல்லிய செதில் ஒட்டிக்கொண்டு வரும். அடிப்பாகம் செம்மையாக இல்லாத குண்டு இலக்கில் சிதறும். ஈயம் மங்கி இறுகும் வரை சில நொடிகள் பொறுப்பதும், சூடான அச்சின் திருகாணி, ஊசிகள், தகட்டின் அடிப்புறம் ஆகியவற்றில் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயிலைப் பஞ்சுக் குச்சியால் தொட்டு, தெரியாத அளவுக்கு மெல்லிய பூச்சாக வைப்பதும் அச்சின் ஆயுளைப் பன்மடங்கு கூட்டும். எண்ணெய் குழிக்குள் போய்விட்டால் குண்டில் சுருக்கம் விழும் என்பதால், கை தாராளமாக இருக்க வேண்டாம்.

குண்டு விழவில்லை என்றால் கைப்பிடிகள் சேரும் கீல் ஆணியைத் தட்ட வேண்டுமே தவிர அச்சுக் கட்டையைத் தட்டக் கூடாது. கம்பித் தூரிகைக்கும் அலுமினியத்துக்கும் ஆகவே ஆகாது. ஒட்டிய ஈயத்தை, அச்சு சூடாக இருக்கும்போதே மரக்குச்சியால் தள்ளிவிடலாம். இரும்பு அச்சுக்கும் அதற்கே உரிய நோய் உண்டு, துரு. அலுமினியம் சூட்டை விரைவாகக் கடத்துவதால் சீக்கிரம் பதத்துக்கு வரும், துருவும் பிடிக்காது. மாதத்துக்கு ஒருமுறை வார்ப்பவராக இருந்தால் அலுமினிய அச்சையே வாங்குங்கள் என்பேன்.

கேள்வி: அடியில் வால்வு வைத்த மின்சார உருக்குக் கலம் ஒன்றை வாங்கினேன். சில வாரங்களிலேயே ஈயம் சொட்டத் தொடங்கிவிட்டது. விற்றவர், “இந்த விலைக்கு அப்படித்தான்” என்று கையை விரிக்கிறார். திருப்பி அனுப்பிவிடலாமா?

பதில்: அனுப்புவதற்கு முன் ஒன்றைச் செய்து பாருங்கள். இவ்வகைக் கலங்களில் ஒரு கம்பி மேலிருந்து இறங்கி அடியிலுள்ள துளையை அடைக்கிறது. கம்பியின் முனைக்கும் துளையின் விளிம்புக்கும் நடுவே மணல் அளவு கசடு அகப்பட்டாலும் போதும், சொட்டத் தொடங்கிவிடும். பல கலங்களில் கம்பியின் தலையில் ஸ்க்ரூடிரைவர் பொருந்தும் பிளவு இருக்கும். ஈயம் உருகிய நிலையில், கையுறையும் கண்ணாடியும் அணிந்துகொண்டு, கம்பியை இருபுறமும் கால் சுற்று திருகினால் பெரும்பாலும் கசடு நசுங்கி விலகிவிடும். அப்போதும் நிற்கவில்லை என்றால் கலத்தைக் காலி செய்து, ஆறவிட்டு, கம்பியைக் கழற்றி, எஞ்சின் வால்வு தேய்க்கும் நைஸ் பசையைத் தடவித் துளையோடு வைத்துத் தேய்க்கலாம்.

இதற்கும் சரியாகாவிட்டால் அது உற்பத்திக் குறை. மாற்றித் தரும்படி கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் சுடுதளத்து மண்மேட்டில் பொறுக்கிய ஈயத்தை நேரே இந்தக் கலத்தில் போட்டிருந்தால் விற்றவர்மேல் பழி போட முடியாது. அழுக்கு ஈயத்தைத் தனிப் பாத்திரத்தில் உருக்கி, தேன்மெழுகோ மரத்தூளோ போட்டுக் கிளறி, மிதக்கும் கசடை வழித்து, பாளமாக வார்த்துக்கொண்ட பிறகே வால்வுக் கலத்துக்குக் கொண்டுவர வேண்டும். வாகனச் சக்கரங்களைச் சமன்படுத்தப் பொருத்தும் பழைய ஈய எடைகளை உருக்கினால், அவற்றிடையே துத்தநாக எடைகளும் கலந்திருக்கக் கூடும். துத்தநாகம் 419 டிகிரியில்தான் உருகும் என்பதால், சூட்டை அடக்கி வைத்தால் மேலே மிதக்கும்போதே எடுத்துவிடலாம். கலந்துவிட்டால் குழிகள் சரியாக நிரம்பா. ஈரமான துண்டு ஒன்றுகூட உருகிய ஈயத்துக்குள் போகக் கூடாது. நீர் ஒரு நொடியில் ஆவியாகி ஈயத்தை முகத்தில் வாரியடிக்கும்.

கேள்வி: வாங்கும் முன்பே ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையை எடைபோட வழி உண்டா?

பதில்: உண்டு, விளம்பரத்தை விட்டுவிட்டு உதிரிபாகப் பட்டியலைப் படியுங்கள். வால்வுக் கம்பி, சூடேற்றும் சுருள், தெர்மோஸ்டாட், வெட்டும் தகடு, அதன் திருகாணி ஆகியவை தனித்தனியே விற்கப்படுகின்றனவா என்று பாருங்கள். விற்கப்படுமானால், மலிவுக் கலமும் பல ஆண்டு ஓடும். இல்லையென்றால் நாற்பது காசு பெறாத திருகாணி தேய்ந்ததற்காக முழு அச்சையும் எறிய நேரும்.

அடுத்து, உத்தரவாதத் தாளைப் படியுங்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1958-இல் தொடங்கப்பட்ட லீ பிரிசிஷன், சாதாரணப் பயன்பாட்டில் கருவி தேய்ந்தாலோ உடைந்தாலோ இரண்டு ஆண்டுகள் வரை இலவசமாகச் சரிசெய்தோ மாற்றியோ தருவதாகவும், தற்போது தயாரிப்பில் உள்ள கருவி எவ்வளவு பழையதானாலும் சில்லறை விலையில் பாதியைக் கட்டித் திருப்பி அனுப்பினால் புதுப்பித்துத் தருவதாகவும் அச்சிட்டு வந்திருக்கிறது. வாசகம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் “தொழிற்சாலைக்குத் திருப்பி அனுப்பினால்” என்ற சொற்களைக் கவனியுங்கள். கடல் தாண்டி அனுப்பும் செலவு கருவியின் விலையையே விழுங்கிவிடலாம். எந்த நிறுவனமானாலும் உங்கள் ஊர் வரை அந்த வாக்குறுதி எட்டுகிறதா, உள்ளூர் விற்பனையாளர் பொறுப்பேற்கிறாரா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாங்கும் முன்பே ஒரு சிறு சந்தேகத்தை மின்னஞ்சலில் கேட்டுப் பார்ப்பதும் நல்லது. அப்போதே பதில் வராத இடத்தில் பிறகு வரும் என்று நம்ப முகாந்திரமில்லை.

புகார் எழுதும்போது மாதிரி எண், வாங்கிய தேதி, பயன்படுத்திய உலோகக் கலவை, வெப்பநிலை, குறை தெரியும் புகைப்படம் ஆகிய அனைத்தும் முதல் கடிதத்திலேயே இருக்கட்டும். கோபத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வந்த கலத்தில் 120 வோல்ட் என்று போட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் 230 வோல்ட். நேரடியாக இணைக்கலாமா?

பதில்: கூடாது. 700 வாட் சுருள் ஏறத்தாழ மூன்றரை மடங்குக்கும் மேலான மின்திறனை இழுத்து எரிந்துவிடும். அப்படி எரிந்ததை எந்த உத்தரவாதமும் ஏற்காது. கலத்தின் வாட் அளவுக்குக் கூடுதலான திறனுள்ள டிரான்ஸ்ஃபார்மரை வாங்கி இணையுங்கள், அல்லது அதே கலத்தின் 230 வோல்ட் வடிவம் இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.