போதை சிகிச்சை கவுன்சிலர்கள சூப்பர்வைஸ் பண்றவங்க கேட்டது

வீட்ல இருந்தே வந்துட்டு போற பேஷன்ட்டுங்களுக்கான மையங்கள்ல இருந்து வந்த கேள்விங்க இது, ஒரே மாதிரி கேட்டிருந்தத ஒண்ணா சேத்துட்டேன்.

வாரா வாரம் உக்காந்து கேஸ் பேசுறோம், நோட்ஸ் எல்லாம் பக்காவா இருக்கு, ஆனா ஒரு கவுன்சிலர்கிட்ட மட்டும் யாருமே ரெண்டாவது மூணாவது செஷனுக்கு மேல வர்றதில்ல. ஏன்?

நோட்ஸ்ல அது தெரியாதுங்க, செஷன காதால கேக்கணும். பேஷன்ட்கிட்ட எழுத்துல சம்மதம் வாங்கி ரெக்கார்ட் பண்ணி, ரெண்டு பேரும் சேந்து ஒரு பத்து நிமிஷம் கேளுங்க போதும். கேள்வி எத்தன, பேஷன்ட் சொன்னத உள்வாங்கி திருப்பிச் சொன்னது எத்தனனு பேப்பர்ல கோடு போட்டு எண்ணுங்க, மோட்டிவேஷனல் இன்டர்வியூவிங்ல (மாறணும்ங்கிற காரணத்த பேஷன்ட் வாயாலயே வர வைக்கிற பேச்சு முறை) ஒரு கேள்விக்கு ரெண்டு தடவ திருப்பிச் சொல்றது இருந்தா நல்ல அளவுனு வச்சிருக்காங்க. ஒருத்தர் "பொண்ணு முன்னாடி தள்ளாடிட்டு நின்னேன் சார், ஆனா குடிக்கலனா தூக்கம் வரல"ங்கிறார்னு வைங்க. கவுன்சிலர் உடனே "எத்தன மணிக்கு படுப்பீங்க?"னு கேட்டா பொண்ணு பேச்சு அங்கயே அறுந்துடும். "பொண்ணு பாத்துட்டது உங்கள உறுத்திட்டே இருக்கு"னு சொல்லிட்டு வாய மூடிட்டு இருந்தா அவரே மேல பேசுவார். அந்த முறைய கொண்டு வந்த வில்லியம் மில்லரோட குழு 1993ல பண்ண ஆய்வுல கவுன்சிலர் எவ்ளோ மல்லுக்கு நின்னாரோ அவ்ளோ அதிகமா ஒரு வருஷம் கழிச்சு பேஷன்ட்டுங்க குடிச்சிருக்காங்க. அதே குழுவோட 2004 ஆய்வுல வெறும் ட்ரெய்னிங் மட்டும் போயிட்டு வந்தவங்களுக்கு கத்துகிட்டது சில மாசத்துல கரைஞ்சு போச்சு, ரெக்கார்டிங் கேட்டு ஃபீட்பேக்கும் கோச்சிங்கும் குடுத்தா நின்னுச்சு. அதனாலதான் ரெக்கார்டிங் ரெக்கார்டிங்னு இவ்ளோ சொல்றேன்.

எங்க கவுன்சிலர் ஒருத்தர் தானே குடிய விட்டு மீண்டவர். எல்லா செஷன்லயும் தன் கதைய சொல்றார், எப்படி நிறுத்துறது?

மொத்தமா நிறுத்தச் சொல்லாதீங்க, அந்த அனுபவத்துக்கு மதிப்பு இருக்கு. ரெக்கார்டிங்ல அந்த எடத்த போட்டு "இத சொன்னதுக்கப்புறம் யார் அதிகம் பேசுனாங்க?"னு மட்டும் கேளுங்க, அவருக்கே புரிஞ்சிடும். 1979ல கவுன்சிலர் சூப்பர்விஷன் பத்தி எழுதுன ஜானின் பெர்னார்ட் சூப்பர்வைசருக்கு டீச்சர், கவுன்சிலர், கன்சல்டன்ட்னு மூணு வேஷம் சொன்னாங்க, அதுல கவுன்சிலர் வேஷம்ங்கிறது வேலைக்குள்ள அவர் மனசுல என்ன ஓடுதுனு பாக்குற அளவுக்குத்தான். திரும்ப குடிக்கத் தோணுதுனு அவர் சொன்னா அதுக்கு சிகிச்சை வெளிய ஒருத்தர்கிட்ட, நீங்க எடுத்துக்காதீங்க.

யூரின் டெஸ்ட் பாசிட்டிவ்னு பேஷன்ட்ட வெளிய அனுப்பணும்ங்கிறாங்க கவுன்சிலர். சரியா?

சரியில்லங்க. எந்த நோய்க்கு வந்தாரோ அதோட அறிகுறி தெரிஞ்சதுக்கு அனுப்புறதா? முதல்ல அந்த கப் டெஸ்ட் வெறும் ஸ்க்ரீனிங்தான், லேப்ல உறுதி பண்ணாம முடிவு எடுக்கக் கூடாது. அப்புறம் ஹெராயின் மாதிரி ஓபியாய்டு எடுக்குறவர் கொஞ்ச நாள் நிறுத்திட்டு திரும்ப பழைய அளவே எடுத்தா உடம்பு தாங்காது, மூச்சு நின்னு போகலாம். சிகிச்சையில இருந்து வெட்டி விட்டா அந்த ஆபத்தோட அவர் தனியா நிப்பார். சிகிச்சைய கூட்டுங்க, நலோக்சோன் (ஓபியாய்டு அளவு மீறி மூச்சு நிக்கிறப்ப காப்பாத்துற மருந்து) அவர் கைல இருக்கானு பாருங்க. கவுன்சிலருக்கு வந்த கோவத்த பத்தியும் பேசுங்க, ஏமாத்திட்டார்னு வலிச்சிருக்கும், அத சூப்பர்விஷன்ல சொல்ல எடம் இல்லனா பேஷன்ட் மேலதான் போய் விழும்.

நானே மேனேஜர், நானே சூப்பர்வைசர். பரவால்லயா?

முடிஞ்சா பிரிச்சிடுங்க. இன்க்ரிமென்ட் போடுறவர்கிட்ட யாரும் தடுமாறுனத சொல்ல மாட்டாங்க. முடியலனா ரெண்டு மீட்டிங்கயும் தனித்தனி நாள்ல வைங்க.

அடுத்த மீட்டிங் வரைக்கும் காத்திருக்காம எனக்கு உடனே போன் பண்ணணும்னு எதுக்கெல்லாம் சொல்லி வைக்கணும்?

தற்கொலை எண்ணம், குழந்தைக்கு ஆபத்து, கர்ப்பமா இருக்குறவங்க ஓபியாய்ட திடீர்னு நிறுத்துறது. தூக்க மாத்திரைய சட்டுனு விடுறதும்தான். தினமும் நிறைய குடிச்சவர் "நேத்தோட விட்டுட்டேன்"னு சந்தோஷமா வந்தா கவுன்சிலர் கைகுடுத்து பாராட்டிட்டு அனுப்பிடுவாங்க, அதான் எனக்கு பயம். வலிப்பு பெரும்பாலும் முதல் ரெண்டு நாளுக்குள்ள வரும், டெலிரியம் (மனசு குழம்பி இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியிற நிலை) ரெண்டு மூணு நாள்ல ஆரம்பிக்கும், உயிருக்கே ஆபத்து. முன்னாடி எப்பவாவது வலிப்பு வந்திருக்கா, கை நடுங்குதா, வேர்க்குதானு கேட்டுட்டு அன்னைக்கே டாக்டர்கிட்ட அனுப்பணும், போன் அதுக்கப்புறம் பண்ணாலும் போதும்.